சம்பந்தி வீட்டுத் துவர்ப்பு

சம்பந்தி முதன்முதலாக ஊற்றிக் கொடுத்த சிவப்பு ஒயினை, கஷாயம் குடிப்பதுபோல ஒரே மடக்கில் விழுங்கினேன். பிஞ்சு வாழைக்காயைக் கடித்த மாதிரி நாக்கு சுருங்கிவிட்டது. என் முகம் போன கோணலைப் பார்த்து அவர் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. நடுவில் என் மகள்.

"அப்பா, ஒயின்ல தப்பு இல்லையாம். வெறும் வாயில குடிச்சதுதான் தப்பாம். மாமா சொல்றார்."

அது 2017 அக்டோபர். எனக்கு அப்போது 66 வயது. அதுவரை மதுவைத் தொட்டதில்லை. நான் வளர்ந்த தெருவில் குடியால் அழிந்த ஒரு குடும்பத்தைக் கண்ணால் பார்த்தவன். ஆகவே யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று மதுவுக்குக் கிடையாது என உலக சுகாதார நிறுவனமே 2023இல் அறிவித்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு.

சம்பந்தியின் ஊர் வடக்கு ஸ்பெயினில், ரியோஹா வட்டாரத்தில், எப்ரோ ஆற்றங்கரையில் உள்ள ஆரோ நகருக்குப் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்தபோது, ஒயின் தேடி வந்த பிரெஞ்சு வணிகர்களால் செழித்த ஊர் அது. அங்கே ரயில் நிலையத்தைச் சுற்றியே பழைய ஒயின் கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. நான் போன ஆண்டு, ஏப்ரலில் விழுந்த உறைபனியால் விளைச்சல் குறைந்திருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் நம் ஊர் விவசாயி வானத்தைப் பார்ப்பாரே, அதே பார்வை சம்பந்தியிடமும் இருந்தது.

மறுநாள் மதியம் அவரே சமைத்தார். குளிர்காலத்தில் கவாத்து செய்த திராட்சைக் கொடிகளைக் கட்டாகக் கட்டிக் காயவைத்திருந்தார். தீ வைத்ததும் சடசடவென்று எரிந்து சீக்கிரமே தணலானது. அதன்மேல் விரல் நீள எலும்போடு ஆட்டுக்குட்டிக் கறித்துண்டுகளை வாட்டினார். உப்பைத் தவிர மசாலா என்று ஒன்றும் கிடையாது. சம்பந்தியம்மா சோரிசோ என்ற தொத்திறைச்சி போட்டு உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தார். கிழங்கை முழுசாக நறுக்காமல் பாதி வெட்டியதும் கத்தியைத் திருப்பிப் பிளந்து போட்டார். அப்படிப் போட்டால்தான் மாவு இறங்கிக் குழம்பு கெட்டிப்படுமாம். என் மனைவி அதை உடனே மனப்பாடம் செய்துகொண்டாள்.

கறியை ஒரு வாய் மென்றேன். கொழுப்பு நாக்கில் படிந்திருக்கும்போதே ஒயினில் ஒரு சிறு மிடறு. நேற்று என்னை விரட்டிய அதே ஒயின்தானா! திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் அந்தத் துவர்ப்புக்குக் காரணம் என்று மாப்பிள்ளை விளக்கினார். வெறும் வாயில் அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ள, நாக்கு உலர்ந்துபோகிறது. கறியும் கொழுப்பும் கூட இருந்தால் அதன் கடுமை அடங்கிவிடுகிறது. அறுசுவையில் துவர்ப்புக்கும் ஓர் இடம் கொடுத்தவர்கள் நாம். விருந்து முடிந்து பாக்கு போடுபவனுக்கு இது புதிதில்லை. ஆனால் அதற்குத் துணை வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

பதிலுக்கு என் மகள் ஒருநாள் மட்டன் மிளகு சுக்கா செய்தாள். சம்பந்தி ஆசையாக ஒயினோடு சாப்பிட்டார், பாவம். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல்தான் கூடும். முகம் சிவந்து ரொட்டியைத் தேடினார். அடுத்த முறை காரம் குறைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிய குருமா வைத்தாள். ஜோடி பொருந்திவிட்டது.

பாட்டிலில் 'கிரியான்சா' என்று ஒட்டியிருந்ததற்கு மகளிடம் பொருள் கேட்டேன். "வளர்ப்பு" என்றாள். பிள்ளை வளர்ப்பதற்கும் அதே சொல்தானாம். ரியோஹாவில் இரண்டு ஆண்டு வளர்ந்தால் கிரியான்சா. அதில் ஓராண்டாவது 225 லிட்டர் ஓக் பீப்பாயில் கிடக்கவேண்டும். மூன்று ஆண்டென்றால் ரெசெர்வா. ஐந்து ஆண்டென்றால் கிரான் ரெசெர்வா. ஆனால் பீப்பாயில் அதிக நாள் விட்டாலும் ஆபத்து என்றார் சம்பந்தி. ஒயினில் மரம்தான் மணக்கும், பழம் காணாமல் போய்விடும்.

அதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. நான் மரம் மணக்க வளர்த்த அப்பன். என்ன படிப்பு, எந்த ஊரில் வேலை எல்லாம் என் விருப்பம்தான். கல்யாணத்தை மட்டும் அவளே முடிவு செய்தாள். 2010இல் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, மனைவி மட்டும் போய்வந்தாள். ஏழு ஆண்டு கழித்துத்தான் வீம்பு விட்டது. அதுவும் பேரனின் முகத்தை போனில் பார்த்துப் பார்த்து.

சம்பந்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள், நிலவறையிலிருந்து தூசி படிந்த ஒரு கிரான் ரெசெர்வா பாட்டிலை எடுத்து வந்து, ஒட்டியிருந்த ஆண்டை விரலால் காட்டினார். 2010. ரியோஹாவுக்கு மிகச் சிறந்த அறுவடை அமைந்த ஆண்டுகளில் ஒன்று. 'உங்களுக்காகத்தான் வைத்திருந்தார்' என்று மகள் மொழிபெயர்த்தாள். அதற்குமேல் அவளுக்குக் குரல் வரவில்லை.

அவர்கள் வழக்கத்தில் சாப்பிட்டதும் எழுந்துவிடுவதில்லை. தட்டுகளை எடுத்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த நேரத்துக்கே 'சோப்ரெமெசா' என்று ஒரு பெயர் இருக்கிறது. அன்று சம்பந்தியின் தொண்ணூறு வயது அம்மாவும் எங்களோடு இருந்தார். பேரனுக்கு மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு. என் மனைவி முகர்ந்து பார்த்ததோடு சரி. நானும் சம்பந்தியும் இரண்டு மொழியிலும் பொறுக்கிய சில சொற்களை வைத்துக்கொண்டு மழை, விளைச்சல், மூட்டுவலி எல்லாம் பேசினோம்.

அந்த கிரான் ரெசெர்வா 750 மில்லி பாட்டில். மதியம் இரண்டரைக்குத் திறந்தோம். ஆறு பேர் குடித்தும், மாலை ஆறு மணிக்கு அதில் கொஞ்சம் மீதி இருந்தது.