திகன ஏற்றத்துக்கு எத்தனை பல்?

திங்கள்

கியர் மாற்ற வழியில்லாத சைக்கிளில் ஏற்றம், இறக்கம், சமதரை மூன்றுக்கும் ஒரே விகிதம்தான். பெடலோடு சுற்றும் செயின்வீலில் எத்தனை பல், பின்சில்லின் நடுவே இருக்கும் பிரீவீலில் எத்தனை பல் என்ற இரண்டு எண்கள் அதைத் தீர்மானிக்கின்றன. இலங்கை ஊர்களில் ஓடும் பழைய மாதிரிக் கறுப்புச் சைக்கிள்களில், ராலே ஆகட்டும் லுமாலா ஆகட்டும், முன்னால் 44 முதல் 48 பல்லும் பின்னால் 18 அல்லது 20 பல்லும் இருப்பதே பெருவழக்கு. சில்லு 28 அங்குலம்.

44ஐ 18ஆல் வகுத்தால் 2.44. பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சில்லு 2.44 தடவை சுழன்று, சைக்கிளை ஏறத்தாழ 5.46 மீட்டர் முன்னே தள்ளுகிறது. இதே விகிதத்தைச் சில்லின் விட்டத்தால் பெருக்கினால் 68 வரும். சைக்கிள்காரர் இந்த எண்ணைத்தான் கியர் அங்குலம் என்கிறார்கள். செயின் இல்லாத காலத்துப் பெரும்சில்லுச் சைக்கிளில் பெடல் முன்சில்லிலேயே பூட்டப்பட்டிருந்தது. வேகம் வேண்டுமென்றால் சில்லைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. அதற்கும் ஓட்டுபவரின் கால் நீளம் எல்லை போட்டது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் செயினோடு வந்த பிறகு சிறிய சில்லும் பெரிய சில்லின் வேலையைச் செய்யத் தொடங்கியது. ஆனாலும் அளவு பழைய கணக்கிலேயே நிலைத்தது. 68 அங்குலக் கியர் என்றால், 68 அங்குல விட்டமுள்ள ஒரு சில்லை நேரடியாக மிதிப்பதற்குச் சமம்.

எண் கூடினால் சமதரையில் வேகம் கிடைக்கும், ஏற்றத்தில் கால் நோகும். எண் குறைந்தால் ஏற்றம் இலகு, சமதரையில் கால் சும்மா சுற்றும்.

செவ்வாய்

68 அங்குலம் சமதரையின் கியர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கிறது. வியர்க்காமல் போகக்கூடிய வேகம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கியர் பல தலைமுறைகளாக ஒத்துப்போயிருக்கிறது. அங்கே மேடு என்று சொல்லத்தக்கது அரிது. எதிரி கச்சான் காற்று ஒன்றுதான். போர்க்காலத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது விறகும், மண்ணெண்ணெய்க் கானும், பாரில் பிள்ளையும் கரியரில் மனைவியுமாக முழுக் குடும்பமும் அந்தச் சைக்கிள்களிலேயே போய் வந்தது. பாரம் எவ்வளவு ஏறினாலும் தரை மட்டமாக இருந்ததால் கால் தாங்கியது.

திகனவின் நிலம் வேறு. கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதி முதலில் தென்னேகும்புரவில் மகாவலியைக் கடக்க இறங்கி, பிறகு குண்டசாலை, பல்லேகலை என்று ஏறி இறங்கித் திகனவை வந்தடைகிறது. அதற்கப்பால் தெல்தெனிய, அதையும் தாண்டி ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கம் ஏறி, பதினெட்டு வளைவு வழியாகக் கீழே சமவெளிக்கு விழுகிறது. திகனவின் ஒரு பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் கடலிலிருந்து 438 மீட்டர். வீடுகளும் தோட்டங்களும் அதற்கு மேலே, சரிவுகளில். நீர்ப்பக்கம் போகும் எந்தப் பாதையும் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். வேலை முடிந்து, பை கனத்து, கால் ஓய்ந்த நேரத்தில் அந்த ஏற்றம் வருகிறது. கியரைத் தெரிவதற்கு அந்த நேரத்துக் காலைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும். காலையில் கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து வாங்கும் சைக்கிள் எல்லோருக்கும் இலகுவாகத்தான் தெரியும்.

எரிபொருள் வரிசைகள் நீண்டு கிடந்த 2022இல் மலைநாட்டிலும் பலர் சைக்கிள் தேடினார்கள். விலை ஏறிய நேரம், கிடைத்ததை வாங்கினார்கள். கிடைத்தது பெரும்பாலும் சமதரைக் கியர்.

வியாழன்

ஏற்றத்தைக் கண்ணால் மதிப்பிடுவது நம்பத் தகுந்ததல்ல. வெயிலில் எல்லா ஏற்றமும் செங்குத்து. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையும், மேசன்மார் வைத்திருக்கும் ஸ்பிரிட் லெவலும் போதும். பலகையின் ஒரு முனையை வீதியின் மேட்டுப் பக்கம் ஊன்றி, மறுமுனையைக் குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை உயர்த்த வேண்டும். அந்த முனைக்கும் தாருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீத ஏற்றம். எட்டு சென்டிமீட்டர் என்றால் 8 சதவீதம்: 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயர்வு. பள்ளமும் தார் ஒட்டும் கணக்கைக் கெடுக்கும் என்பதால் ஒரே ஏற்றத்தில் பல இடங்களில் வைத்துப் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. வளைவின் உட்பக்கத்தில் அளக்கக் கூடாது. அங்கே எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

அளந்த எண்ணைக் காலின் கனமாக மாற்றலாம். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிளும் பையும் 20 கிலோ என்று வைத்தால் மொத்தம் 85. எட்டு சதவீத ஏற்றம் இந்த எடையைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 6.8 கிலோ, டயரின் உருள்தடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆக ஏழரை. 170 மில்லிமீட்டர் கிராங்கின் முனை ஒரு சுற்றில் 1.07 மீட்டர் போகிறது, சைக்கிள் 5.46 மீட்டர் போகிறது. கால் கடக்கும் தூரத்தைப் போல் சைக்கிள் ஐந்து மடங்கு கடப்பதால் விசையும் ஐந்து மடங்கு வேண்டும்: 38 கிலோ. இது முழுச் சுற்றின் சராசரி. பெடல் உச்சியிலும் அடியிலும் கால் எதையும் தள்ளுவதில்லை. கிராங்க் கிடையாக நிற்கும் இடத்தில் அந்தக் குறையையும் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. அங்கே விசை 60 கிலோவை எட்டும். அதாவது 18 பல்லோடு 8 சதவீத ஏற்றத்தில் போகிறவர், தன் முழு உடம்பையும் ஒவ்வொரு மிதிக்கும் பெடல்மேல் நிறுத்த வேண்டும். சீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. எழுந்து மிதிக்கலாம், கரியரில் அரிசி மூட்டை இருந்தால் அதுவும் ஆட்டம்.

பிரீவீலை 22 பல்லாக்கினால் விகிதம் 2.0, கியர் 56 அங்குலம், ஒரு சுற்றுக்கு 4.47 மீட்டர். அதே ஏற்றத்துக்கு வேண்டிய சராசரி விசை 31 கிலோவாக இறங்குகிறது. வேறு விதமாகச் சொன்னால், 22 பல்லில் 10 சதவீத ஏற்றம் எவ்வளவு கனக்குமோ அவ்வளவே 18 பல்லில் 8 சதவீத ஏற்றம் கனக்கிறது. நான்கு பல் இரண்டு சதவீத மலையைத் தின்றுவிடுகிறது.

வெள்ளி

இழப்பையும் பார்க்க வேண்டும். 22 பல்லில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 16 கிலோமீட்டர்தான் வரும். ஐந்து கிலோமீட்டர்ச் சமதரைப் பயணம் 15 நிமிடத்திலிருந்து 19 நிமிடத்துக்கு நெருங்கும். காலைச் சற்று வேகமாகச் சுற்றப் பழகினால், 75 சுற்றில், பழைய 20 கிலோமீட்டர் திரும்பிவிடும். திகனவில் தொடர்ந்து ஐந்து கிலோமீட்டர் சமதரை கிடைப்பதும் இல்லை. நான்கு நிமிடம் நியாயமான விலை.

ஆகவே 28 அங்குலச் சில்லும் 44 பல் செயின்வீலும் உள்ள சைக்கிளுக்குத் திகனச் சுற்றுவட்டாரத்தில் 22 பல் பிரீவீலே பொருத்தம். பாரம் இல்லாமல் பிரதான வீதியோடு மட்டும் போய்வரும் இளவயதினருக்கு 20 பல் சரிவரலாம். 26 அங்குலச் சில்லு உள்ள சைக்கிளில் 20 பல்லே 57 அங்குலம் தந்துவிடும். அங்கே 22 தேவையில்லை. 48 பல் செயின்வீல் உள்ள சைக்கிளை இந்தப் பக்கத்துக்கு வாங்காமல் விடுவதே மேல்.

ஊரின் மிகச் செங்குத்தான பாதையை நினைத்துக் கியர் தெரிவது பிழையான வழி. அந்த 200 மீட்டருக்காக நாள் முழுக்க வீணே கால் சுற்ற நேரும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கலாம். அதில் குறைவு எதுவும் இல்லை. அடிக்கடி வரும் ஏற்றம் எது, அதை உட்கார்ந்தபடி ஏற முடிகிறதா என்பதே கேள்வி. பந்தயக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் பின்சில்லின் இரு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரம் பூட்டி, மலையடிவாரத்தில் இறங்கி, சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டு ஏறினார்கள். இரு பக்கமும் மரை வெட்டிய ஹப் கையில் அகப்பட்டால் இந்த உத்தி இன்றும் செல்லும்.

ஞாயிறு

மாற்ற வேண்டியது பிரீவீலைத்தான். பழைய சைக்கிளில் செயின்வீல் கிராங்கோடு ஒன்றாகப் பொருந்தி, காட்டர் பின் என்னும் முளையால் இறுக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டால் வேலையும் செலவும் கூடும். பிரீவீல் ஹப்பின் மரையில் திருகி நிற்கிறது. ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்குவதால், கழற்றும்போது உரிய பல்லுச்சாவியை வெட்டுகளில் பொருத்தி, அச்சின் நட்டை அதன்மேல் இறுக்கிப் பிடித்த பிறகே திருக வேண்டும். உளி வைத்துத் தட்டினால் வெட்டு உடையும். பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

செயின் நீளத்தில் ஒரு வசதி இருக்கிறது. கண்ணி ஒவ்வொன்றும் அரை அங்குலம். பிரீவீலில் நான்கு பல் கூடினால் செயினுக்கு இரண்டு கண்ணி, அதாவது ஒரு அங்குலம் கூடுதலாக வேண்டும். உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்த ஒரு சோடி சரியாக அந்த நீளம். அதைச் சேர்த்தால் அச்சு ஏறத்தாழ பழைய இடத்திலேயே நிற்கும். பிரேக்கும் மட்கார்டும் மறுபடி சரிபார்க்கும் வேலை குறைவு. 18இலிருந்து 20க்குப் போகும்போது இந்த வசதி இல்லை. தேவைப்படுவது ஒற்றைக் கண்ணி. பழைய செயினையே வைத்துக்கொண்டு அச்சை ஆறு மில்லிமீட்டர் அளவு முன்னே நகர்த்த வேண்டியிருக்கும். முழு மூடி போட்ட செயின் கவர் உள்ள சைக்கிளில், 22 பல் அதன் உட்சுவரை உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே நட்டை முறுக்க வேண்டும்.

மறு புதன்

இறக்கத்தில் கியருக்கு வேலையில்லை, பிரீவீல் சும்மா ஓடும். அங்கே பொறுப்பு முழுவதும் பிரேக்கினுடையது. கம்பிப் பிரேக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம்மும் மழையில் மிக மோசமாகப் பிடிக்கும். தெல்தெனியப் பக்கம் மழை விழும் மாதங்களில் பிரேக் கட்டையை முன்கூட்டியே மெல்லத் தொட்டு, ரிம்மில் உள்ள நீரைத் துடைத்தபடி இறங்க வேண்டும். 22 பல் போட்ட பிறகு கூடுதல் ஏற்றங்கள் எட்டும் தூரத்துக்குள் வரும். அவற்றோடு கூடுதல் இறக்கங்களும் வரும். பிரீவீல் மாற்றும் நாளிலேயே பிரேக் கட்டைகளையும் மாற்றிவிட வேண்டும்.

செயினை ஏற்ற வீதி சீக்கிரம் நீட்டும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதே 24 கண்ணி பன்னிரண்டே கால் அங்குலம் ஆகும் வரை காத்திருக்காமல், 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டதும் செயினைக் கழற்றிவிட வேண்டும். அதற்குமேல் ஓட்டினால் புதுப் பிரீவீலின் பற்களும் கொக்கிபோல் தேய்ந்து, அடுத்த செயின் அதில் உட்காராமல் ஏற்றத்தில் வழுக்கும்.