மூலவரும் உற்சவரும்: மாண்ட்ரியல் நகரின் ராக் தடங்கள்

கோயில் வழக்கில் இறைவனுக்கு மூலவர், உற்சவர் என இரண்டு நிலைகள் உண்டு. கருவறையை விட்டு அசையாத மூலவரைக் காண அடியவர்தான் வாயில் பல கடந்து உள்ளே செல்ல வேண்டும். உற்சவரோ திருவிழா நாளில் தாமே வீதிக்கு எழுந்தருளி, நடக்க இயலாத முதியவரின் திண்ணை வரை வந்து காட்சி தருகிறார். புகழ்பெற்ற கலைஞர்களைப் பொதுமக்கள் காணும் விதமும் பெரும்பாலும் இவ்விரண்டுள் ஒன்றாகவே அமைகிறது. அனுமதிச்சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பல்லாயிரவருள் ஒருவராக மேடையைப் பார்ப்பது ஒருவகை. விடுதி மாடியிலோ தெருமுனைச் சிற்றுண்டிக் கடையிலோ எதிர்பாராமல் எதிரே காண்பது மற்றொரு வகை. கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெருநகரும், ஈழத்தமிழர் 'மொன்றியல்' என்று எழுதுவதுமான மாண்ட்ரியலில் இவ்விரு வகைக் காட்சிகளும் ராக் இசையின் வரலாற்றையே சில இடங்களில் திருப்பியிருக்கின்றன என்பதும், அந்த இடங்களுள் பலவற்றை ரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் அந்நகரின் மெட்ரோ ரயிலிலேயே ஒரு பகலுக்குள் சுற்றி வந்துவிடலாம் என்பதும் இசையில் நாட்டமுள்ள தமிழ்ப் பயணிக்குப் பயன்படக்கூடிய செய்திகள்.

மெட்ரோவின் பச்சைத் தடத்தில் அட்வாட்டர் நிலையத்தில் இறங்கினால், 1924இல் திறக்கப்பட்டு 1996 வரை இயங்கிய மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கின் கட்டடம் எதிரே நிற்கிறது. ஐஸ் ஹாக்கி என்பது உறைபனித் தளத்தில் சறுக்குக் காலணியுடன் ஆடும் ஆட்டம். அதற்கென்றே கட்டப்பட்ட ஃபோரம், பனித்தளத்தின் மேல் பலகை பரப்பிய இரவுகளில் இசை அரங்காக மாறியது. இன்று அது திரையரங்குகளும் கடைகளும் கொண்ட வணிக வளாகமாகிவிட்டபோதிலும், பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளியைத் தரையில் அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள். 1964 செப்டம்பர் 8 அன்று பீட்டில்ஸ் குழுவினர் ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகளை இங்கு நடத்தினர். டிரம்ஸ் வாசிப்பவரான ரிங்கோ ஸ்டாரை யூதர் என்று தவறாக எண்ணியவர்கள் கொலை மிரட்டல் விடுத்திருந்தமையால், சாதாரண உடையணிந்த காவலர் ஒருவர் அவரருகே மேடையிலேயே அமர்ந்திருந்தார். ரிங்கோ தம் வெண்கலத் தட்டுகளைச் சற்று உயர்த்தி வைத்து அவற்றின் மறைவில் வாசித்தார். நிகழ்ச்சி முடிந்த இரவே குழுவினர் விமானமேறிவிட்டனர். உலகமே காணத் துடித்த நால்வர் சில மணி நேரம் மட்டுமே தங்கிய ஊர் என்ற குறை மாண்ட்ரியலுக்கு அன்று நேர்ந்தது. ஐந்தாண்டுகள் கழித்து அது தீர்ந்த விதம் விந்தையானது.

ஃபோரத்தின் ஏனைய இரவுகளும் அமைதியாகக் கழிந்தன என்று சொல்ல முடியாது. 1972 ஜூலையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கருவிகளைச் சுமந்து வந்த வண்டி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. போதாக்குறைக்குப் போலி அனுமதிச்சீட்டுகளால் ஏமாந்தவர்கள் வாயிலில் கலகம் செய்தனர். 1975 டிசம்பர் 4 அன்று பாப் டிலன் தம் 'ரோலிங் தண்டர்' ஊர்வலக் குழுவுடன் இங்கே பாடியபோது, அரங்கில் அமர்ந்திருந்த உள்ளூர்க் கவிஞர் ஒருவருக்கு ஒரு பாடலைக் காணிக்கையாக்கினார். அந்தக் கவிஞர் லெனர்ட் கோஹன். அவரைப் பின்னர்க் காண்போம்.

1981 நவம்பர் 24, 25 ஆகிய இரவுகளில் குவீன் குழு நடத்திய கச்சேரியை இயக்குநர் சால் சுவிம்மர் திரைப்படமாகவே பதிவு செய்தார். அது 2024இல் ஐமேக்ஸ் பெருந்திரைகளில் மீண்டும் வெளியாயிற்று. அப்படத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கையசைவால் ஆட்டுவிக்கும் பிரெடி மெர்குரி, சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பரோக் பல்சாராவாகப் பிறந்து, மகாராட்டிரத்தின் பஞ்ச்கனி மலைப்பள்ளியில் பயின்று, அங்கேயே மாணவர் இசைக்குழுவில் பியானோ வாசித்தவர் என்பதை நினைவில் கொண்டு பார்க்கும் இந்தியர்க்குக் காட்சியின் நிறம் சற்று மாறிவிடும்.

மெக்கில் நிலையத்தில் இறங்கித் தெற்கே சிறிது நடந்தால் குவீன் எலிசபெத் விடுதி. 1958இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், நகரின் மத்திய ரயில் நிலையத்தின் மேல் எழுந்து நிற்பது. அதன் பதினேழாம் மாடியின் 1742ஆம் எண் அறைதான் பீட்டில்ஸ் விட்டுச் சென்ற குறையைத் தீர்த்த இடம். 1969 மே 26 முதல் ஜூன் 2 வரை பீட்டில்ஸ் நால்வருள் ஒருவரான ஜான் லெனனும் அவருடைய மனைவி யோகோ ஓனோவும் அங்கே 'பெட்-இன்' நடத்தினர். அமெரிக்க மாணவர் இயக்கங்கள் கையாண்ட உள்ளிருப்புப் போராட்டத்தைக் கட்டிலுக்கு மாற்றிய வடிவம் அது. போரை எதிர்த்துப் படுக்கையை விட்டு எழாமல் இருந்து, வருவோர் போவோரிடமெல்லாம் அமைதியைப் பற்றிப் பேசுவதே அதன் முறை. முந்தைய ஆண்டு லண்டனில் கஞ்சா வழக்கில் தண்டிக்கப்பட்டிருந்தமையால் லெனனுக்கு அமெரிக்காவினுள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. அமெரிக்கச் செய்தியாளர்கள் எளிதில் வந்து சேரக்கூடிய அண்டை நாடாகப் பார்த்து முதலில் பஹாமாஸ் தீவுகளுக்குச் சென்றவர்கள், அங்கே வெக்கை தாளாமல் ஒரே இரவில் புறப்பட்டு, டொரொன்டோ வழியாக மாண்ட்ரியலை அடைந்தனர். மாண்ட்ரியலுக்கு வாய்த்த இப்புகழில் பாதியை வெயிலின் கணக்கில் எழுத வேண்டும்.

அந்த அறையில் மூலவர், உற்சவர் என்ற வேறுபாடே கலைந்துவிட்டது. கருவறையின் கதவு திறந்தே கிடந்தது. பதினாறு வயது மாணவியாக இருந்த கெயில் ரெனார்ட் தோழி ஒருத்தியுடன் காவலர்களின் கண்ணில் படாமல் மேலேறிச் சென்று கதவைத் தட்டினார்; உள்ளே அழைக்கப்பட்டவர், தொடர்ந்து பல நாள் வந்து யோகோவின் சிறுமகளுக்குத் துணையாகவும் இருந்தார். விடைபெறும் வேளையில் லெனன் தம் கையால் எழுதிய பாடல் வரிகளை அவருக்கே கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் தொலைக்காட்சி எழுத்தாளராகப் பெயர்பெற்ற ரெனார்ட், அத்தாளை 2008இல் லண்டன் ஏலத்தில் விற்றபோது அது 4,21,250 பவுண்டுக்குப் போயிற்று. பெத்துலா கிளார்க் என்னும் ஆங்கிலப் பாடகியின் வருகை இதனினும் எதிர்பாராதது. பிளாஸ் தெ ஆர் அரங்கில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாறிமாறிப் பாடிய அவரை, இரு மொழியினரும் மற்றவர் மொழிக்காகக் கூச்சலிட்டு எதிர்த்தனர். கியூபெக்கின் மொழிப் பூசல் முற்றியிருந்த ஆண்டுகள் அவை. மனம் நொந்த கிளார்க், முன்பின் பழக்கமில்லாத லெனனிடம் ஆறுதல் தேடி மழையில் நடந்து விடுதிக்கு வந்தார். வந்தவர் தாம் அறியாமலே ஒரு வரலாற்றுப் பதிவின் குழுப்பாடகருள் ஒருவரானார்.

அப்பதிவே ஜூன் 1 இரவு அவ்வறையில் உருவான 'கிவ் பீஸ் எ சான்ஸ்'. உள்ளூர்ப் பதிவாளர் ஆந்திரே பெரி, நான்கு தடங்களில் ஒலியைத் தனித்தனியே பதியும் கருவியுடன் அங்கே வந்திருந்தார். நகைச்சுவைக் கலைஞர் டாமி ஸ்மதர்ஸ் லெனனுடன் கிதார் வாசிக்க, மாண்ட்ரியல் ராதாகிருஷ்ணர் கோயிலின் அடியவர்கள் உட்படக் கூடியிருந்தோர் அனைவரும் குரல் கொடுத்தனர். இசைப்பதிவுக்கென அமைக்கப்படாத, தாழ்ந்த கூரையுடைய அறையில் ஒலி தெளிவின்றிக் குழம்பியதால், பெரி பின்னர்த் தம் கூடத்தில் வேறு சிலரின் குரல்களைச் சேர்த்துச் செம்மைப்படுத்தினார். பஜனை மடத்துப் பாடலைப் போல ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் பின்பாடும் எளிய வடிவமாதலால்தான், அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனில் திரண்ட போர் எதிர்ப்பாளர் கூட்டம் பயிற்சி ஏதுமின்றி அதைப் பாட முடிந்தது. 2017இல் புதுப்பிக்கப்பட்ட அவ்வறையில் இன்று வாடகை தந்து எவரும் தங்கலாம். ஆனால் அன்று காசில்லாமல் கிடைத்தது இன்று காசுக்குக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

பஹாமாசையும் மாண்ட்ரியலையும் பீட்டில்ஸையும் இணைக்கும் மற்றொரு இழை நேரே தாமிரபரணிக் கரைக்குச் செல்கிறது. கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887இல் குப்புசாமியாகப் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, பின் ரிஷிகேசத்தில் துறவியாக அமர்ந்தவர் சுவாமி சிவானந்தர். அவருடைய மாணவரும் கேரளத்தில் பிறந்தவருமான சுவாமி விஷ்ணுதேவானந்தர் 1959இல் மாண்ட்ரியலில் யோக மையம் ஒன்றை நிறுவினார். 1965 பிப்ரவரியில், 'ஹெல்ப்' திரைப்படத்தின் படப்பிடிப்புக்காகப் பஹாமாஸ் சாலையோரத்தில் மிதிவண்டிகளுடன் காத்திருந்த பீட்டில்ஸ் நால்வரையும் இவர் நெருங்கி, தாம் எழுதிய யோக நூலின் பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்துச் சென்றார். அன்று அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனின் பிறந்தநாள். தாம் சந்தித்த முதல் சுவாமி இவரே என்று ஹாரிசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தியச் சிந்தனையில் ஹாரிசனுக்கு எழுந்த நாட்டத்திற்குப் பல காரணங்கள் உண்டு. எனினும் தரிசனம் தர வந்த நட்சத்திரங்களுக்கே ஒரு துறவி தரிசனம் தந்த இந்தக் காட்சியை இந்நகரின் கணக்கில் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. மாண்ட்ரியலுக்கு வடக்கே வால்-மொராங் ஊரில் அவர் அமைத்த ஆசிரமத்தின் குன்றுக் கோயிலில், ஈழத்தமிழர்கள் இன்றும் கோடையில் காவடி எடுக்கின்றனர்.

மீண்டும் பச்சைத் தடத்தில் கிழக்கே சென்று பீ-நஃப் நிலையத்தில் இறங்கினால் ஒலிம்பிக் அரங்கம். 1976 ஒலிம்பிக்குக்காகப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரொஜே தய்யிபேர் வடிவமைத்த இதன் வட்ட வடிவைக் கண்டு 'பெரிய ஓ' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டவர்கள், கட்டுமானக் கடன் 2006 வரை அடைபடாமல் நீண்டதைப் பார்த்து, அதே ஒலியில் 'கடன்பட்டிருத்தல்' எனப் பொருள்படும் சொல்லாகவே அதைத் திரித்துக் கேலி செய்தனர். சாய்ந்த கோபுரம் 1987இல்தான் முடிந்தது. அக்கோபுரம் எழாத 1977 ஜூலை 6 அன்று, பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் நெடும்பயணத்தின் இறுதி நிகழ்ச்சி இங்கு நடந்தது. சுமார் 80,000 பேர் கூடிய அரங்கில் பட்டாசு வெடிப்பதும் பாடலுக்கு நடுவே கூச்சலிடுவதுமாக இருந்த கூட்டத்தைக் கண்டு எரிச்சலுற்ற அக்குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், மேடையை நோக்கி ஏறி வரத் துடித்த ரசிகர் ஒருவரின் முகத்தில் உமிழ்ந்துவிட்டார். கிதார் கலைஞர் டேவிட் கில்மோர், மக்கள் விருப்பத்திற்கிணங்க முடிவில் மீண்டும் வந்து வாசிக்கும் பகுதியில் பங்கேற்க மறுத்து ஒதுங்கினார்.

தம் செயலைக் கண்டு தாமே அதிர்ந்த வாட்டர்ஸ், கலைஞனுக்கும் மக்களுக்கும் இடையே உண்மையிலேயே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்று உணர்ந்ததன் விளைவே 1979 நவம்பரில் வெளிவந்த 'தி வால்' இசைத்தொகுப்பு. அதன் மேடை வடிவத்தில், நிகழ்ச்சி நடக்க நடக்கக் குழுவினருக்கும் பார்வையாளருக்கும் நடுவே அட்டைச் செங்கற்களால் ஒரு சுவர் எழும்பி, இறுதியில் இடிந்து விழும். செலவு மிகுந்த அந்நிகழ்ச்சி 1980-81இல் நான்கே ஊர்ப்பகுதிகளில் நடந்தது; அவற்றுள் மாண்ட்ரியல் இல்லை. வாட்டர்ஸ் தனியாக 2010இல் அதை இந்நகருக்குக் கொண்டுவரும் வரை, சுவருக்கு அடிக்கல் நாட்டிய ஊர் அதைப் பார்க்கக் காத்திருந்தது. பல நூறு இசைக்கச்சேரிகளின் நினைவு மங்கிப் போக, ஒரு வெறுப்பின் நொடி மட்டும் இத்தனை பெரிய கலைப்படைப்பாக விளைந்தது நியாயமா என்று உமிழப்பட்டவரின் பக்கம் நின்று கேட்கவும் இடமிருக்கிறது.

அதே அரங்கில் 1992 ஆகஸ்ட் 8 அன்று, மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு மேடைத் தீக்காட்சியின் பிழம்பில் சிக்கிக் கையில் கடுமையாகத் தீப்புண் பட்டார். மேடையில் தீக்காட்சிக் குழாய்கள் புதிய இடங்களில் பொருத்தப்பட்டிருந்தன. பழையவையும் அவற்றோடு சேர்ந்தே எரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர்களுக்குப் பின் வரவேண்டிய கன்ஸ் அன் ரோசஸ் குழு நெடுநேரம் தாமதித்து வந்து, பாடகர் ஆக்சல் ரோஸ் தொண்டை வலி எனச் சொல்லி விரைவில் விலகிவிட, ஏமாந்த கூட்டம் அரங்கினுள்ளும் வெளியிலும் கலவரத்தில் இறங்கியது. ஹெட்ஃபீல்டோ மூன்று வாரத்திற்குள் கட்டுப்போட்ட கையுடன் திரும்பி வந்து, கிதாரை மற்றொருவரிடம் விட்டுத் தாம் பாட்டை மட்டும் தொடர்ந்தார்.

சிறிய அரங்குகளின் கதை வேறு. சான்-காத்ரீன் தெருவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஃபூஃபூன் எலெக்ட்ரிக் என்ற மதுக்கூடத்தில் 1991 செப்டம்பர் 21 அன்று நிர்வாணா குழு பாடியது. மூன்றே நாளில் வெளியான அக்குழுவின் 'நெவர்மைண்ட்' தொகுப்பு, நான்கு மாதத்திற்குள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அன்றிரவு கைக்கெட்டும் தொலைவில் நின்றவர்கள் பின்னாளில் தாம் பார்த்தது யாரை என்று உணர்ந்திருப்பர். உற்சவர் வீதி வந்தது சிலவேளை தேர் கடந்த பிறகே தெரிகிறது.

நகரைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கும் சான்-லோரான் பெருந்தெருவில், மரி-ஆன் தெரு சந்திக்கும் மூலையில், போர்ச்சுகல் பூங்கா என்னும் மிகச் சிறிய பூங்கா இருக்கிறது. அதை நோக்கியுள்ள தெருவில் 1970களில் வீடு வாங்கிய லெனர்ட் கோஹன், உலகின் பல ஊர்களில் வாழ்ந்த போதிலும் இதை விட்டுவிடவில்லை. 1934இல் இந்நகரின் வெஸ்ட்மவுண்ட் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, முதலில் கவிஞராகவும் நாவலாசிரியராகவும் அறியப்பட்டு, முப்பது வயதைத் தாண்டிய பின்னரே பாடகரானவர் அவர். பிற்காலத்தில் மும்பைக்கு வந்து, அத்வைத ஆசிரியர் ரமேஷ் பல்சேகரின் இல்லத்துக் கூட்டங்களில் மாணவரைப் போல அமர்ந்தவர். சான்-லோரான் தெருவின் பேகல் கடையிலும் இறைச்சி உணவகத்திலும் அவர் வழக்கமான வாடிக்கையாளர். பேகல் என்பது இனிப்பு நீரில் வேகவைத்துப் பின் விறகடுப்பில் சுடும் வளைய ரொட்டி. நம்மூர் வடையைப் போல இதற்கும் நடுவே துளை உண்டு. அவரைத் தெருவில் கண்டவர்கள் தலையசைத்துவிட்டு விலகிப் போவதே அப்பகுதியின் நாகரிகமாக இருந்தது. இங்கே மூலவரும் இல்லை, உற்சவரும் இல்லை. அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர் இருந்தார், அவ்வளவே. நட்சத்திரத்தின் கார்க் கண்ணாடியில் முகம் பதித்துப் பழகிய சமூகத்தவர்க்கு இந்த அடக்கம் முதலில் அலட்சியமாகக்கூடத் தோன்றலாம்.

2016 நவம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சலசில் இறந்த கோஹனின் உடல், மவுண்ட் ராயல் மலைச்சரிவிலுள்ள ஷார் ஹஷோமயிம் இடுகாட்டில், முன்னோர் கல்லறைகளுக்கு அருகே, அலங்காரமற்ற பைன் மரப்பெட்டியில் 10ஆம் நாள் அடக்கம் செய்யப்பட்டது. உலகுக்குச் செய்தி அதே நாளில், அடக்கம் முடிந்த பிறகே அறிவிக்கப்பட்டது. மறுநாள் முதல் பூங்காவின் எதிரேயுள்ள வீட்டுப் படிகளில் மெழுகுவர்த்திகளும் பூக்களும் குவிந்தன. அடுத்த ஆண்டு சான்-லோரான் தெருவிலும் கிரசென்ட் தெருவிலும் பல மாடி உயரச் சுவர்களில் தொப்பியணிந்த அவர் உருவம் எழுந்தது. மவுண்ட் ராயல் மலையின் காட்சிமேடையில் நின்று பார்க்கும் பயணிக்கு, கட்டடங்களின் நடுவே கிரசென்ட் தெரு ஓவியம் தெளிவாகவே தெரிகிறது.