பெட்டியை எங்கே வைப்பது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடிவந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் கழித்து, புளியந்தோப்பில் ஒரு குளிர்பதனக் கிடங்கிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. அங்கேயும் குளிரூட்டுவது அம்மோனியாதான். கம்ப்ரசர் அறை, நான்கு குளிர் அறைகள், பின்கட்டு மொட்டைமாடியில் கண்டென்சர். இவ்விடங்களில் பொருத்தும் வாயு உணர்விகளின் தகவல் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து கூட வேண்டும். (அதை ஹப் என்று சொல்லியே பழகிவிட்டோம். பழைய ஹப், குழாயடிப் பேச்சுபோல ஒருவர் சொல்வதை எல்லார் காதிலும் போடும். இன்று பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச், தபால்காரரைப்போல முகவரி பார்த்துச் சேர்ப்பிக்கிறது.)

எங்களிடம் தரப்பட்ட வரைபடத்தில் பெட்டி தரைத்தளத்தில், மின்பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. கம்பியும் மிச்சம், ஒவ்வொரு கிளையும் 100 மீட்டருக்குள் அடங்கிவிடும். செம்புக் கம்பியில் ஈதர்நெட்டுக்கு அதுவே எல்லை. துளையிடத் தொடங்கும் நேரத்தில் காவல்காரப் பெரியவர் வந்து, சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஓடிய பழுப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னா சார், இங்கியா மாட்டப் போறீங்க? மிக்ஜாம் புயலுக்குத் தண்ணி இதுவரிக்கும் நின்னுச்சே."

ஓட்டேரி நல்லாவும் அது போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பிவிட்டால் இந்தப் பகுதியின் மழைநீருக்குப் போக்கிடம் இல்லை. வரைந்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பெட்டி மாடிக்குப் போயிற்று. கண்டென்சர் கிளை மட்டும் 130 மீட்டரைத் தொட்டது. அதற்கு ஒளியிழை போட வேண்டியதாயிற்று. இழையில் போவது வெளிச்சம். மோட்டார்களின் மின்னிரைச்சல் அதைத் தீண்டாது. மொட்டைமாடியில் இடி விழுந்தாலும் அந்த வழியாக மின்சாரம் பெட்டிக்கு வராது. செலவைக் கேட்டு முதலாளி இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார், பிறகு ஒப்புக்கொண்டார்.

உண்மையான சச்சரவு அபாயச் சங்கைப் பற்றியது. வரைபடத்தின்படி, உணர்வி சுவிட்சுக்குச் சொல்லும்; சுவிட்ச் கணினிக்குச் சொல்லும்; கணினி முடிவெடுத்துச் சங்கை ஊதும். தெருவில் வெள்ளம் ஏறியதும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். பெட்டியின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். ஆகவே உணர்வியிலிருந்து ஒரு ரிலே வழியாகச் சங்குக்கு நேர்க்கம்பி, அதற்கென்று தனி பேட்டரி என்று நாங்கள் பிடிவாதமாக நின்றோம்.

"அப்ப இவ்ளோ பணம் போட்டு நெட்வொர்க் எதுக்கு தம்பி?" என்றார் முதலாளி.

கேள்வி நியாயமானதே. எந்த அறையில், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பதிவு செய்யவும், ஊரில் இல்லாத அவருடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பவும் வலையமைப்பு வேண்டும். கம்ப்ரசர் அறையில் நிற்கும் ஆள் வெளியே ஓடுவதற்கு இவை எதுவும் தேவையில்லை.

கடைசி நாள் சுவிட்சின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, உணர்வியின் வாயில் சோதனை வாயுவைக் காட்டினோம். கணினித் திரை ஒன்றும் அறியாமல் இருந்தது. சங்கு ஊதிற்று. வேலையாட்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். பெரியவர் மட்டும் நின்று, காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் தாமே கட்டிவைத்திருந்த பழைய வேட்டிக் கிழிசலை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையை நீட்டி, எல்லாரையும் பின்கேட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.