முதலில் சுருதி



2006-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்ட ‘சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ ஆண்டுதோறும் இரண்டு பருவங்களாகக் கச்சேரிகள் நடத்துகிறது. அதன் அடுத்த பருவத்தை எதிர்நோக்கியிருக்கும் எனக்கு, சிம்பொனிக் குழுக்களின் வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது.

கச்சேரிக்கு முன் ஓபோ என்னும் குழல் ஒரே சுரத்தை ஒலிக்கும். நொடிக்கு ஏறத்தாழ 440 அதிர்வுகள். பல நாட்டுக் கலைஞர்களும் அதற்கு இசையத் தத்தம் கருவியைச் சரிசெய்வார்கள். அடுத்தவர் கருவியில் எவரும் கைவைப்பதில்லை.

இது என்னை உணர்த்திற்று. சென்ற வாரம் பாடகர் குழுப் பயிற்சியில், சுருதி விலகிப் பாடிய முதியவர் ஒருவரை எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டேன். ஞாயிறு ஆராதனையில் அவர் இடம் வெறுமையாயிருந்தது. அவர் குரல் சுருதியை விட்டு விலகியது. என் நாவோ அன்பை விட்டே விலகியது.

காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்தார் (மத்தேயு 5:23, 24). இன்று மாலை, ஸ்ரீமதுரையில் மழை ஓயாவிட்டாலும், அவர் வீட்டிற்குச் செல்வேன். பாட்டைக் குறித்துப் பேச அல்ல, மன்னிப்புக் கேட்க.

வரும் ஞாயிறுக்கு முன் நீங்கள் யாரிடம் செல்ல வேண்டும்?

ஜெபம்: கர்த்தாவே, பிறரைத் திருத்துமுன் எங்கள் உள்ளத்தை உமக்கு இசைவாக்கும். ஆமென்.