மிஸ்திரி கேட்ட கேள்வி

கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் பழைய வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகளுக்குப் பின்னே, ஒரு சந்தின் முனையில், நாற்பது ஆண்டுகளாக அம்பாசடர் கார்களைப் பழுதுபார்த்துவரும் மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவருக்கு இப்போது காது சரிவரக் கேட்பதில்லை. தகரம் தட்டும் இரைச்சலிலேயே கழிந்த வாழ்க்கை, வழக்கம்போல் உச்ச சுருதி ஒலிகளை முதலில் பறித்துக்கொண்டது. ஓசையைக் கேட்டு வண்டியின் நோயை அறிந்தவர், இன்று அந்த ஓசையைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்டு அறிய வேண்டியவராகிவிட்டார். மொழியியல் பயில்வோர் கூர்ந்து நோக்கத்தக்க நிலை இது.

சென்ற மழைக்காலத்தின் இறுதியில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் தம் வண்டியை அங்கே கொண்டுவந்தார். 1986ஆம் ஆண்டின் மார்க் 4. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். உத்தர்பாடா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோன பிறகும் அவர் அதை விற்கவில்லை. பழம்பொருள் மோகம் அதற்குக் காரணமன்று. அவர் மனைவிக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. அதிகம் குனியாமல் ஏறி அமரவும், திரும்பும்போது கால் நீட்டிச் சாய்ந்துகொள்ளவும் அந்த அகன்ற பின்னிருக்கைதான் அவருக்கு ஒத்துவந்தது.

சில வாரங்களாக முன்பக்கத்திலிருந்து ஓசை வந்துகொண்டிருந்தது. வேறொரு பணிமனையில் முன் பிரேக் ஷூக்களை மாற்றிவிட்டார்கள். பணம் போயிற்று, ஓசை போகவில்லை.

"என்ன சத்தம்?" என்று மிஸ்திரி கேட்கவில்லை, அதைத் தாமாகவே சொல்ல எல்லோரும் முந்திக்கொண்டார்கள். பேராசிரியர் வங்காளத்தில் 'கொர்கொர்' என்றார். பீகாரிலிருந்து வந்த உதவிப் பையன், வண்டியைச் சந்துக்குள் விடும்போதே கேட்டுவிட்டதாகச் சொல்லி இந்தியில் 'கர்கர்' என்றான். பின்னிருக்கையில் இருந்த அம்மையார், காலையில் 'க்யாச் க்யாச்' என்றும் ஒன்று கேட்பதாகச் சொன்னார். மூன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட மிஸ்திரி, "பௌதி, அது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

பேராசிரியரிடம் இதற்கு உடனே விடை இருந்தது. "பிரேக்கை மிதித்தால் அடங்கிவிடுகிறது. அதனால் பிரேக்கில்தான் கோளாறு." முந்தைய பணிமனையும் இதை நம்பியே ஷூக்களை மாற்றியிருந்தது. ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்கின்றன: ஷூக்கள் டிரம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன; வண்டியின் வேகமும் குறைகிறது. ஓசையை அடக்கியது இவற்றுள் எது என்பதை இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மிஸ்திரி பேராசிரியரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தார். ஆளில்லாத நேர்சாலையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் செய்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கைத் தொடாமல் வண்டி தானே வேகம் இழக்கும்படி விட்டார். உறுமல் அப்போதும் படிப்படியாகத் தணிந்தது. ஆகவே அது பிரேக்கைச் சார்ந்ததன்று, வேகத்தைச் சார்ந்தது. எஞ்சின் சுமையின்றி ஓடும்போதும் உறுமல் மாறாமல் தொடர்ந்ததால், எஞ்சின் மீதிருந்த ஐயமும் நீங்கியது. சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்கு வந்தபோதும் குரல் மாறவில்லை. டயரின் ஓசையாயின் தரைக்கேற்ப மாறியிருக்கும்.

அம்பாசடரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நகரும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 10 மீட்டர்; அப்போது சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 5 முறை சுழலும். எஞ்சினின் ஆற்றலைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டோ அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் சுழலும். நடக்கும் வேகத்தில் வண்டியை நகர்த்தி, சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று கேட்டால், டயரில் சிக்கிய கல்லையோ, தளர்ந்த ஹப் கேப்பையோ, வட்டம் குலைந்த டிரம்மையோ, எல்லாவற்றிலும் ஆபத்தான தளர்ந்த வீல் நட்டையோ தேட வேண்டும். பிரேக் இட்டவுடன் ஒரே ஒருமுறை 'தொம்' என்று கேட்டு ஓய்ந்தால், சுழலாத ஏதோ ஒன்று தளர்ந்து இடம்பெயர்கிறது என்று பொருள். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நறநறவென்று அரைத்தால், லைனிங் தேய்ந்து ரிவெட் தலைகள் டிரம்மைக் கீறத் தொடங்கிவிட்டன. அதன்பின் வண்டியை ஓட்டலாகாது.

இந்த உறுமலோ இவற்றில் எதிலும் அடங்கவில்லை. முடிவான சான்று அம்மையாரிடமிருந்து வந்தது. டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் அவருக்குக் குமட்டலும் அசதியும் மிகும். கண்களை மூடிச் சாய்ந்திருப்பார். வண்டியின் ஒவ்வொரு நடுக்கமும் உடம்பில் தெரியும். "மேம்பாலம் வலப்பக்கம் வளையும் இடத்தில் உறுமல் கனக்கிறது. இடப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடுகிறது" என்றார். இவ்வளவு நாளும் அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

வண்டி வலப்புறம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. பாரம் ஏறும்போது ஓங்கி, இறங்கும்போது தணியும் ஓசை வீல் பேரிங்கினுடையது. மிஸ்திரி முன்பக்க இடச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். பையன் அதைக் கையால் சுழற்ற, அவர் சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகத்தின்மேல் விரல்களை வைத்துக் கண்மூடினார். காதுக்கு எட்டாதது விரலுக்கு எட்டியது. பிறகு டயரின் உச்சியையும் அடியையும் பற்றி ஆட்டினார். இருக்கக்கூடாத ஆட்டம் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருந்த தூசியைப் பையன் வாயால் ஊதப்போனபோது தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. வெளியே வந்த பேரிங்கின் ஓடுபாதையில் அம்மைத் தழும்புபோல் குழிகள். இன்னும் சில வாரங்கள் ஓடியிருந்தால் அது சூடேறி இறுகியிருக்கும், அல்லது சக்கரமே நிலைகுலைந்திருக்கும்.

காலை 'க்யாச்' தனிக்கதை. மழையிரவின் ஈரத்தில் டிரம்மின் இரும்புப் பரப்பில் மெல்லிய துரு படியும். முதல் சில மிதிகளில் அது சுரண்டப்பட்டு ஓசை நின்றுவிடும். அதனால் தீங்கில்லை. இரண்டு வேறு ஓசைகளை ஒன்றெனக் கருதியதே முந்தைய பணிமனையின் பிழை.

ஒலியியல் வகுப்பில் இதன் மறுபக்கத்தை மாணவர்கள் கற்கிறார்கள். 'கல்', 'தங்கம்', 'அகம்' ஆகிய சொற்களில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது; ஆனால் ஒன்று வரும் சூழலில் மற்றொன்று வாராது. ஆகவே மூன்றும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். 'வலி', 'வளி', 'வழி' ஆகியவற்றின் இடையொலிகளோ அயற்காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்; ஆனால் ஒரே சூழலில் நின்று பொருளை வேறாக்குவதால் அவை மூன்று ஒலியன்கள். ஓர் ஒலி எதைப்போல் இருக்கிறது என்பதைவிட, எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்பதே அதன் அடையாளத்தைத் தீர்மானிக்கிறது. மிஸ்திரியின் கேள்வியும் இந்த வருகைமுறை ஆய்வுதான்.

ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு மதிப்பில்லை என்பது இதன் பொருளன்று. ரவீந்திரநாத் தாகூர் 'சப்ததத்வ' நூலில் (1909) வங்காளத்தின் இத்தகைய சொற்களைத் தனியே ஆராய்ந்தார். எமெனோ 1969இல் எழுதிய கட்டுரையில், இவை இந்திய மொழிக் குடும்பங்களின் எல்லையைக் கடந்து பரவிய பொதுப்பண்பு என்று காட்டினார். வங்காளத்தின் 'கொர்கொர்' சளி கட்டிய நெஞ்சுக்கும் பொருந்துகிறது. தமிழின் 'கரகர' கட்டிய தொண்டைக்கும் பொருந்துகிறது. அந்தச் சொல் உறவை உணர்த்தும். ஆனால் நோயின் இடத்தை மட்டும் காட்டாது. அதற்குச் சூழலைக் கேட்டறிய வேண்டும்.

தொழில்சார் வழக்காறுகளைத் திரட்டும் களஆய்வாளர்கள் பெரும்பாலும் கருவிகளின் பெயர்களையும் பாகங்களின் பெயர்களையும் குறித்துக்கொண்டு திரும்புகிறார்கள். பெயர்கள் ஒரு பட்டியலாக நூலகத்தில் தங்கிவிடும். எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி, எந்த விடை வந்தால் எந்த ஐயம் விலகும் என்னும் வரிசைதான் எங்கும் எழுதப்படாமல் போகிறது. அம்பாசடர்கள் குறைந்துவருகின்றன; அவற்றோடு இந்த வரிசையை அறிந்தவர்களும் குறைகிறார்கள். மல்லிக் பஜார்ச் சந்தில் அதைக் கற்றுக்கொள்ள இப்போதைக்கு ஒரு பையன் இருக்கிறான். ஒலிப்பதிவுக் கருவியோடு செல்பவர்கள் இயந்திரத்தின் ஓசையோடு, அதன் அருகே நடக்கும் உரையாடலையும் முழுமையாகப் பதிவுசெய்ய வேண்டும். பின்னிருக்கையில் கண்மூடி அமர்ந்திருப்பவரின் சொற்களையும் சேர்த்து.