சட்டைக்கும் ஒரு சீட்டு!

கீழ்பென்னாத்தூர்ல இருந்து சென்னைக்கு இன்டர்வியூ போகணும்னா ரெண்டு காலண்டர் பார்க்கணும். ஒண்ணு, காலேஜ் பிளேஸ்மென்ட் செல்லுல ஒட்டுறது. இன்னொண்ணு, வீட்டுச் சுவத்துல தொங்குற தினசரி காலண்டர். அதுல பௌர்ணமி என்னைக்குன்னு பார்க்கணும்!

காரணம் இருக்கு. திருவண்ணாமலையில இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியா சென்னை போற ரோட்டுல இருக்கு எங்க ஊர். ஊர்ல ரயில் கிடையாது. எல்லாத்துக்கும் பஸ்தான். பௌர்ணமி ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்தி முடிச்ச ஜனம், திருவண்ணாமலையிலேயே மொத்தமா பஸ் ஏறி உட்கார்ந்துடும். பஸ் எங்க ஊருக்கு வரும்போது பாதிப் பேர் குறட்டை விட்டுட்டு இருப்பாங்க. நமக்குக் கிடைக்கிறது ஒத்தக் கால் வைக்கிற இடம். நம்ம பேக்குக்கு அதுவும் கிடையாது.

என்னோட முதல் இன்டர்வியூ, சரியா அப்படி ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலையில வந்து விழுந்துச்சு.

பேக்குல இருந்தது ஒரே ஒரு ஃபார்மல் சட்டை. வெள்ளையில மெல்லிசா நீலக்கோடு போட்ட முழுக்கை காட்டன் சட்டை. அந்த வருஷம் மல்லாட்டை வித்த காசுல அப்பா திருவண்ணாமலை கூட்டிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தது. (வெளியூர் ஃப்ரெண்ட்ஸுக்கு... மல்லாட்டைன்னா வேர்க்கடலைதான்!) அதைப் போட்டுக்கிட்டே பஸ் ஏறினா வண்டலூர் போறதுக்குள்ள முதுகு பூரா வேர்வை. அதனால பேக்குல வச்சுக்கிட்டு, இறங்கின இடத்துல மாத்திக்கலாம்னு முடிவு. ராத்திரி ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்டு வாங்கி, சூடு ஆறுறதுக்குள்ள மடிச்சு, பேக்குல திணிச்சு, அதுக்கு மேல அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாத டப்பாவை வச்சு ஜிப்பை இழுத்தேன். கிளம்பியாச்சு!

செஞ்சி வரைக்கும் பேக் என் காலுக்கு நடுவுல. அதுக்கப்புறம் யார் காலுக்கு நடுவுலன்னு தெரியாது. விடியற நேரத்துல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி, கழிப்பறையில சட்டையை எடுத்து உதறினா... எங்க கழனியை மேல இருந்து பார்த்த மாதிரி இருந்துச்சு. குறுக்கும் நெடுக்குமா வரப்பு! தண்ணி தொட்டுத் தடவிப் பார்த்தேன். வரப்பு அழியல, சட்டைதான் நனைஞ்சுது.

அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். "லிங்க்டு லிஸ்ட்டை எப்படி ரிவர்ஸ் பண்ணுவீங்க? போர்டுல எழுதிக் காட்டுங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு அது தூக்கத்துல கேட்டாலும் தெரியும். ஆனா எழுந்து போகணும்னா ஃபைலைக் கீழ வைக்கணும். போர்டு பக்கம் திரும்பினா முதுகு தெரியும். "சாரி சார்... தெரியலை"ன்னு சொல்லிட்டேன்.

சட்டை கசங்கினதுக்காக அவங்க ஒரு மார்க்கும் குறைக்கல. குறைச்சது நான்தான்.

ஊருக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு எங்க தெரு இஸ்திரி அண்ணாகிட்ட சட்டையைக் கொடுத்தேன். நிறைய பேர் கேஸ் பெட்டிக்கு மாறிட்டாங்க, அவர் இன்னும் கரிப்பெட்டிதான். சட்டையை விரிச்சுப் பார்த்தவர் கேட்டார்.

"வாங்கினு போயி இன்னா பண்ண தம்பி?"

"அப்படியே மடிச்சு பேக்ல வச்சேன்ணா."

"ஆறவே விடலையா? சூடா இருக்கிற துணி கைக்குழந்தை மாதிரிப்பா. நீ எப்படிப் படுக்க வைக்கிறியோ அப்படியே தூங்கிடும். அப்புறம் எழுப்புறது கஷ்டம்."

பெரிய கெமிஸ்ட்ரியை ரெண்டே வரியில சொல்லிட்டார். காட்டன்ங்கிறது செல்லுலோஸ். நீளநீளமான சங்கிலி மாதிரி மூலக்கூறுகள். பக்கத்துப் பக்கத்து சங்கிலிகளைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஹைட்ரஜன் பிணைப்பு. ஈரமும் சூடும் சேர்ந்தா அந்தப் பிடி தளரும், சங்கிலிகள் நகரும். ஆறிக் காய்ஞ்சதும் எந்த நிலையில இருக்கோ அதே நிலையில மறுபடி பிடிச்சுக்கும். தண்ணி தெளிச்சு இஸ்திரி போடுறப்ப நடக்கிறது இதுதான். ஆறாத சட்டையை மடிச்சு, மேல டப்பாவை ஏத்தி, புழுக்கத்துல நாலு மணி நேரம் வச்சாலும் இதேதான் நடக்குது. அதாவது, பேக்கும் ஒரு இஸ்திரிப் பெட்டிதான். என்ன, அது சுருக்கத்தைச் சேர்த்துத் தேய்க்கும்!

பாலியஸ்டர் கலந்த துணி ஏன் அவ்வளவா கசங்குறதில்லைன்னும் இதுல புரியும். சாதாரண காத்துல காட்டன் தன் எடையில சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. 1941-ல இங்கிலாந்துல வின்ஃபீல்டு, டிக்சன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்ச இழை அது. அதுதான் டெரிலின்ங்கிற பேர்ல நம்ம தாத்தாக்களை மயக்குச்சு. காட்டனையே கசங்காம பண்ண முடியுமான்னு யோசிச்சவங்களும் உண்டு. அமெரிக்க விவசாயத் துறையோட ஆய்வுக்கூடத்துல ரூத் பெனரிட்டோங்கிற வேதியியல் விஞ்ஞானியும் அவங்க குழுவும், அந்தச் சங்கிலிகளுக்கு நடுவுல ரசாயனத்தால குறுக்குப் பாலம் போடுற வழியை வளர்த்தாங்க. கடையில 'ரிங்கிள் ஃப்ரீ'ன்னு தொங்குற சட்டைகளுக்குப் பின்னாடி அவங்க உழைப்பு இருக்கு. 2013-ல, 97 வயசுல இறந்தாங்க. என் சட்டைக்கு அந்தப் பாலம் கிடையாது. மடிக்கிற விதத்துலதான் காப்பாத்தணும்.

அதை எங்க வீட்டு பீரோவே சொல்லிக் கொடுத்துச்சு. எங்க மாவட்டத்துலதான் ஆரணி இருக்கு. பட்டு நெசவுக்குப் பேர் போன ஊர். அம்மாவோட கல்யாணப் பட்டு அங்க எடுத்தது. பழைய வெள்ளை வேட்டித் துணியில சுத்தி வச்சிருப்பாங்க. சில மாசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்து, நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பை மாத்தி வைப்பாங்க. "ஒரே மடிப்புல கெடந்தா மடிச்ச இடத்துலயே விட்டுடும்டா"ன்னு சொல்வாங்க. மடிப்பு கூர்மையா இருக்கக் கூடாது, மடிப்பு மேல பாரம் ஏறக் கூடாது, துணி துணியோட உரசக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம். பட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற வீட்டுல, என் காட்டன் சட்டையை மட்டும் நான் மூட்டை கட்டியிருக்கேன்!

அடுத்த இன்டர்வியூ ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கே இஸ்திரி முடிஞ்சுது. ராத்திரி படுக்கிற வரைக்கும் ஹேங்கர்ல, ஆணியில தொங்குச்சு. நல்லா ஆறிக் காய்ஞ்ச பிறகுதான் கையே வச்சேன்.

கழுத்து பட்டன், நடு பட்டன், கடைசி பட்டன் மூணையும் போட்டு, சட்டையைக் கட்டில் மேல குப்புறப் போட்டேன். முதுகு நடுவுல, காலருக்குக் கீழே, நம்ம எல்லார்கிட்டயும் இருக்கிற எக்ஸாம் பேடு! ஜவுளிக்கடையில புதுச் சட்டைக்குள்ள அட்டை வைக்கிறாங்களே, அதே வேலைதான். பேடு மேல ஒரு வெள்ளைத் தாள் (நியூஸ் பேப்பர் வேண்டாம், வெள்ளைச் சட்டையில மை ஒட்டும்). ரெண்டு பக்கத்தையும் உள்ள மடிச்சு, கையை நேரா கீழ்நோக்கி விட்டு, அடிப்பக்கத்தை மேலே மடிச்சா சட்டை பேடு அளவுக்கு வந்துடும். பெல்ட்டைச் சுருட்டி காலருக்குள்ள வச்சா காலர் அமுங்காது.

பேன்ட்டை மடிப்பு மேல மடிப்பு வச்சு நீட்டி, பாதியை மட்டும் பேக்குக்குள்ள விட்டேன். அதுமேல சட்டைப் பேடு, அதுமேல ஒரு கைலி. அப்புறம் வெளிய தொங்கின பேன்ட்டோட மீதிப் பாதியை எடுத்து எல்லாத்தையும் மூடினேன். இப்ப பேன்ட்டு முட்டிக்கிட்ட மடங்குறது கூர்மையா இல்ல, ஒரு தலையணையைச் சுத்தி வர்ற மாதிரி. கேர்ள்ஸ் சுடிதாருக்கும் இதே வழிதான். துப்பட்டாவை உருட்டி நடுவுல வச்சு, அதைச் சுத்தி மத்ததை மடிச்சுக்கோங்க. தண்ணி பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் தனிப் பையில. முதுகு படுற பக்கம் சர்டிஃபிகேட் ஃபைல், துணி வெளிப்பக்கம். நம்ம உடம்புச் சூடும் வேர்வையும்கூட இஸ்திரிதானே!

எல்லாம் பக்காவா பண்ணியாச்சு. பஸ் வந்துச்சு. திங்கட்கிழமை விடியற்காலை, லீவு முடிஞ்சு சென்னை திரும்புற கூட்டம். பௌர்ணமியே தேவலாம்!

கம்பியைப் பிடிச்சு நின்னுட்டு, ஜன்னலோர சீட்டுல இருந்த ஆயாகிட்ட கேட்டேன். "ஆயா, இந்தப் பேக்கைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? சாய்க்காம, படுக்க வச்சாப்ல..."

ஆயா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "இன்னாப்பா உள்ள? முட்டையா?"

"இல்ல ஆயா... சட்டை. இன்டர்வியூவுக்குப் போறேன்."

அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் கேட்கல. இருட்டுல செஞ்சிக் கோட்டை மலை நிழலாத் தெரிஞ்சு மறைஞ்சுது. ஆயா தூங்கிட்டாங்க. ஆனா ரெண்டு கையும் பேக் மேலயே, தூங்குற பேரப்பிள்ளையைப் பிடிச்ச மாதிரி. திண்டிவனத்துல எழுந்து, "இந்தாப்பா, உன் சட்டை. நான் இறங்குறேன், நீ குந்து"ன்னு சீட்டையும் கொடுத்துட்டு இறங்கிப் போனாங்க. மேல்மருவத்தூர், செங்கல்பட்டுன்னு மீதி வழி பூரா பேக் என் மடியில படுத்தே வந்துச்சு.

கிளாம்பாக்கத்துல எடுத்துப் பார்த்தா, அடிவயித்துப் பக்கம் ஒரே ஒரு குறுக்கு மடிப்பு. அது டக்-இன்ல பேன்ட்டுக்குள்ள போயிடும். அதுக்காகத்தான் அங்க மடிச்சதே!

இவ்வளவு பண்ணியும் கசங்கிடுச்சுன்னா பயப்படாதீங்க. உள்ளங்கையை லேசா நனைச்சு, சுருக்கத்து மேல மட்டும் நீவி, இழுத்துவிட்டு, ஃபேனுக்குக் கீழ ஹேங்கர்ல கால் மணி நேரம் தொங்க விடுங்க. தொங்குறதுதான் முக்கியம். காயும்போது துணி நேரா இருக்கணும். நான் முதல் தடவை பண்ணின தப்பு, நனைச்ச கையோட போட்டுக்கிட்டதுதான். சொந்தக்காரங்க வீட்டுல இறங்கியிருந்தா, எவர்சில்வர் சொம்புல கொதிக்கிற தண்ணியை ஊத்தி, அடியை நல்லா துடைச்சுட்டு, மெல்லிசு துணி போட்டுத் தேய்ச்சுக்கலாம். கைப்பிடிக்கு மட்டும் ஒரு துண்டு அவசியம்!

சரி, இன்டர்வியூ என்னாச்சுன்னு கேட்கிறீங்களா?

போர்டுல எழுதச் சொன்னாங்க. ஃபைலை நாற்காலியில வச்சுட்டு எழுந்து போனேன். முதுகைக் காட்டிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னு எழுதினேன். அந்த ரவுண்டு தாண்டினேன். அடுத்த ரவுண்டுல வெளிய வந்துட்டேன். கேட்ட கேள்விக்கு நிஜமாவே பதில் தெரியல. திரும்பி வர்ற பஸ்ல அதைத்தான் படிச்சுட்டு வந்தேன்.

அந்தத் தோல்வி என்னோடது. சட்டையோடது இல்ல.