மூன்று மணி நேர வாசனை

பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது பாதி உண்மை. அது வாசனையையும் மிச்சப்படுத்துகிறது. ஐந்தாறு விசிலில் பன்றிக்கறி வெந்துவிடும். அண்டை அயல் உணர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். வாடகை வீட்டுக்காரனுக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் அப்படி வெந்தது வேறு பண்டம்.

தோள்கறியில் ஜவ்வு அதிகம். 70 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் அது இளகி, கறிக்குப் பளபளப்பும் வழவழப்பும் தருகிறது. குக்கரிலும் ஜவ்வு இளகும். சாறு சுண்டாது, மேற்புறம் சிவக்காது. அடிகனமான பாத்திரம், சிறு தீ, மூன்று மணி நேரம், கடைசி அரைமணி மூடியில்லாமல் – இதற்கு மாற்று கிடையாது.

கொழுப்பை வெட்டப் பழப்புளிப்பு வேண்டும். நான் சேர்ப்பது கொல்லிமலை அன்னாசியும் புளியும் கொஞ்சம் வெல்லமும். அன்னாசியைப் பச்சையாகப் பிசைந்து ஊறவைத்தால் அதன் நொதி கறியைக் கூழாக்கிவிடும்; சாற்றைத் தனியே கொதிக்கவிட்டால் நொதி அடங்கிப்போகும். இது மேல்நாட்டு மோஸ்தர் என்று நினைப்பவர்கள் குடகுக்குப் போகலாம். அங்கே பன்றிக்கறியில் விழும் கச்சம்புளி ஒரு பழத்தின் சாற்றைக் கறுக்கக் காய்ச்சியது. அதே மரத்தின் காய்ந்த பழம் இலங்கையில் கொறக்கா. கன்னியாகுமரியில் மீன்குழம்புக்குப் போகும் குடம்புளி. நமக்குப் பொன்மலை இன்னும் பக்கம். 1928இல் அங்கே ரயில்வே பணிமனை இயங்கத் தொடங்கியபின் குடியேறிய ஆங்கிலோ-இந்தியர்களின் விந்தாலு, போர்த்துகீசியரின் திராட்சை மதுவில் புறப்பட்டு, கோவாவில் கள்ளுக்காடியாக மாறிய புளிப்பு.

விந்தாலுவில் கிடப்பது 'போர்க்'. ஊர்க்கோடியில் வேகும்போது அது 'பன்றிக்கறி'. ஒரே தோள்கறிக்கு மொழி இரண்டு ஜாதிகளை வழங்கியிருக்கிறது. ஓட்டல் அட்டையில் முன்னதைப் படித்து உத்தரவு கொடுப்பவர் பின்னதை வசைச்சொல்லாக மட்டுமே அறிவார்.

கே.கே. நகரில் வீடு தேடியபோது ஒருவர் கேட்டார்: "கவிச்சி உண்டா சார்?" உண்டு என்றேன். "கோழி, மீனுன்னா பரவால்ல." பன்றியை அவர் விலக்கவில்லை, பெயர் சொல்லி விலக்குமளவுக்குக்கூட அதை மதிக்கவில்லை. மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று சொல்பவரோடு எனக்கு வழக்கில்லை. அவர் தன் வாய்க்கு விதி வைத்திருக்கிறார். இவர் என் வாய்க்கு வைக்கிறார்.

இத்தனைக்கும் பன்றி நம் பக்திக்கு அந்நியமில்லை. சிவன் கோயில் மேற்குச் சுவரில் லிங்கோத்பவரின் அடியில் திருமால் பன்றியாக மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கண்ணப்பர் கதையோ ஒரு சமையல் கதை. திண்ணன் பன்றியைத் தீயில் வாட்டுகிறான். பல்லில் அதுக்கிப் பதம் பார்க்கிறான். தேன் கலந்து படைக்கிறான். சிவகோசரியார் காலையில் வந்து, பதறி, இடத்தைக் கழுவுகிறார். மறுநாளும் கழுவுகிறார். அறுபத்துமூவர் வரிசையில் இடம் கிடைத்தது திண்ணனுக்கு. நாம் கும்பிடுவது அவனை. நம்மிடம் தங்கிப்போனது கழுவும் பழக்கம்.

ஆகவே மெதுவாகச் சமைப்பது வெறும் பக்குவ விஷயமில்லை. மூன்று மணி நேரம் தன் வாசனை தெருவில் நிற்கலாம் என்ற நிச்சயம் உள்ளவன்தான் அப்படிச் சமைக்க முடியும். சொந்த வீட்டுக்காரர்களுக்கும் அக்ரஹாரத்து நெய்க்கும் அந்த நிச்சயம் பிறப்பிலேயே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு விசில்.

இப்போதிருக்கும் வீட்டில் சமையலறை ஜன்னல் மாடிப்படியைப் பார்த்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அதைத் திறந்தே வைக்கிறேன். ஒரு முறை படியிறங்கிய மேல்வீட்டம்மா நின்றார்.

"என்ன தம்பி, வெல்லப்பாகு மாதிரி வாசனை?"

"பன்றிக்கறிம்மா. அன்னாசி போட்டது."

சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எம்புட்டு நேரமா வேகுது?"